புகை வருகிறது, கங்கு வரவில்லை

அன்புள்ள ஐயா,

சில வாரங்களாக வில்லும் கடைகோலும் வைத்துத் தீ உண்டாக்கப் பழகி வருகிறேன். கோலை அடிக்கட்டையின் குழியில் நிறுத்தி, வில்லின் கயிற்றால் சுழற்றித் தேய்க்கும் முறை. வீட்டில் மிச்சமிருந்த பைன் பலகைதான் அடிக்கட்டை. கோலைக் காட்டுத் தரையில் கிடந்த குச்சிகளில் செதுக்கிக்கொண்டேன். புகை நன்றாக வருகிறது, கங்கு மட்டும் பிடிக்கவில்லை. கைகளுக்கு வலு போதவில்லை என்று உடற்பயிற்சி தொடங்கியிருக்கிறேன். காட்டில் சருகு மெத்தைமேல் உட்கார்ந்து ஒரு மணி நேரப் பயிற்சி, அப்புறம் மனம் ஆற ஒரு நடை. இலையுதிர்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, காடு அவ்வளவு அழகு. ஆதிமனிதனைப் போல நாள்தோறும் என் தீயை நானே புதிதாக உண்டாக்க வேண்டும் என்பது ஆசை. எந்த மரம் சிறந்தது? எவ்வளவு நாளில் கைவரும்? வழியெல்லாம் காளான்கள், பறித்துச் சமைக்கலாமா? லைட்டர் இருக்கும் காலத்தில் இது பைத்தியக்காரத்தனம் என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காளானை முதலில் முடித்துவிடுகிறேன். பறிக்காதீர்கள். பெயர் சொல்லத் தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

உங்கள் மனைவி சொல்வது சரி, பைத்தியக்காரத்தனம்தான். அவருடன் வாதாட வேண்டாம். ஆனால் தீக்குச்சியும் உரசித்தான் எரிகிறது என்பதை ஒருநாள் அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லிப் பாருங்கள். 1827இல் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் விற்கத் தொடங்கியதும் உரசல் தீதான். பொட்டாசியம் குளோரேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்ததால் உழைப்பு ஒரு நொடியாகச் சுருங்கியது, அவ்வளவே.

அப்புறம் அந்தச் சருகு மெத்தை. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. கோடை முழுக்கக் காய்ந்த தரையில், மக்கிய இலைகளின் மேல் உட்கார்ந்து கங்கு உண்டாக்கப் பார்க்கிறீர்களா? உங்களுக்குக் கங்கு விழாததே அந்தக் காட்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். விழுந்திருந்தால் மேலே தீ தெரியாது. மக்கிய இலைக்கும் வேருக்கும் உள்ளே புகைந்துகொண்டே போய், நீங்கள் வீட்டில் தூங்கும்போது வேறொரு இடத்தில் தலைகாட்டும். நாட்கணக்கில் அப்படிப் புகையும். வீட்டு முற்றத்தில், வெறும் மண்ணில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு பழகுங்கள். காட்டில்தான் செய்வேன் என்றால் முதலில் அந்தக் காட்டுக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான்.

சரி, திட்டியாயிற்று. இப்போது உங்கள் கடிதத்தை நான் ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன். ‘ஒரு மணி நேரப் பயிற்சி, அப்புறம் மனம் ஆற ஒரு நடை’ என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகத்தான். இந்தப் பருவம் வந்தாலே நான் மரங்களுக்கு அடியில் கழுத்து வலிக்க அண்ணாந்து நடப்பவன். போன வாரமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்து அந்த நடைதான் பயிற்சி. வில்லை இழுப்பது அதன் கடைசிக் கொசுறு.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் ஒரு வயதான தச்சர். மூட்டு வீங்கிய விரல்கள், தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். அந்தக் கைகளால் அவர் வில்லை இழுக்கும்போது அவசரமே இருக்காது, மூச்சும் வாங்காது. ஆனால் கங்கு விழும். நான் அருகே உட்கார்ந்து வியர்வை சொட்ட இழுப்பேன். புகை எழும்பும். பெருமையாக அவரைப் பார்ப்பேன். அவர் புகையைப் பார்க்கவே மாட்டார். அடிக்கட்டையின் காடியில், அதாவது குழியின் ஓரத்தில் தூள் விழ வெட்டிய பிளவில், சேர்ந்த தூளை விரல் நுனியில் எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்து, ஒரே ஒரு சொல் சொல்வார். ‘ஈரம்.’ அல்லது ‘அவசரம்.’ அல்லது ‘சோம்பல்.’ வேறு விமர்சனம் கிடையாது.

அந்த மூன்றையும் நீங்களும் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். தூள் வெளிர் பழுப்பாக இருந்தால் வேகமோ அழுத்தமோ போதவில்லை, அது சோம்பல். உருண்டு திரண்ட சொரசொரப்பான சுருள்களாக வந்தால் வேகம் பிடிக்கும் முன்பே மேலிருந்து அமுக்குகிறீர்கள், அது அவசரம். நார் நாராக, பஞ்சு போலப் பொங்கி வந்தால் மரத்தில் ஈரம். மாவு போல நைசாக, கரும்பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போகும் தூள்தான் வேண்டும். எரியத் தொடங்குவது அந்தத் தூள்தான், கோலோ கட்டையோ அல்ல. டார்வின் 1835 நவம்பரில் பசிபிக் கடலின் தாஹிதித் தீவில் இருந்தபோது இதைச் செய்து பார்த்திருக்கிறார். தீவுக்காரர்கள் செம்பருத்தி இனத்து மென்மரம் ஒன்றில் பள்ளம் கீறி, மொண்ணையான குச்சியால் தேய்த்துச் சில நொடிகளில் தீ எடுத்தார்களாம். அவருக்குப் பெரும்பாடு. கடைசியில் வென்றபோது, தூளைப் பற்றவைத்துவிட்டதில் பெருமை என்றுதான் எழுதினார்.

உங்கள் தூள் என்ன நிறம்? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கைவலுவைப் பற்றி மட்டும் இருக்கிறது. தம்பி, உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது, செய்யுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கங்கு பிறக்கத் தூள் ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். மரத்தில் நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியிலேயே முக்கிக்கொண்டு நிற்கும். உறைநிலையில் இருக்கும் நீரைக் கொதிநிலைவரை கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அதை ஆவியாக்க ஆகும். தரையில் கிடந்த குச்சியால் நீங்கள் இத்தனை நாளும் செய்தது, தோள்பட்டையை வைத்துத் தண்ணீர் காய்ச்சியதுதான்.

தரையில் கிடப்பது குடிக்கும். மழை நின்றாலும் மண்ணிலிருந்து உறிஞ்சும், இந்தப் பருவத்தின் காலைப் பனியையும் உறிஞ்சும். நிழலில் காற்றாடக் காய்ந்த மரத்தில் ஈரம் அதன் உலர் எடையில் 12 முதல் 20 சதவீதம்வரை இருக்கும். பச்சை மரத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல், சில மரங்களில் உலர் எடைக்குச் சமமாகவே இருக்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது, செத்து, ஆனால் மண்ணைத் தொடாமல், மேலேயே நின்று காய்ந்த கிளை.

அதைக் கண்டுபிடிக்க வருடத்தில் இதைவிட நல்ல வாரங்கள் கிடையாது. மற்ற கிளைகளில் இன்னும் இலை இருக்கிறது. செத்த கிளை மட்டும் மொட்டையாக நிற்கும். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் உதிர்ந்துவிட்டால் எல்லாக் கிளையும் ஒரே போல மொட்டை, எது உயிர் எது பிணம் என்று கீழிருந்து சொல்லவே முடியாது. நீங்கள் காட்டின் அழகைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தப்பில்லை. அப்படியே கொஞ்சம் மொட்டைக் கிளைகளையும் பார்த்திருக்கலாம். அந்தத் தச்சர் நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று நிற்பார். ‘இப்போ தாண்டி வந்தோமே அந்த மரம், அதுல எத்தனை கிளை செத்திருக்கு?’ என்பார். எனக்குச் சிவந்த இலைகள்தான் நினைவிருக்கும். பதில் பேசாமல் திரும்பி நடப்பார், நானும் பின்னால் போய் எண்ண வேண்டும்.

இன்னொன்றும் அவர் காட்டியதுதான். எல்லா இலையும் உதிர்ந்த பிறகும் ஒரு கிளையில் மட்டும் பழுப்பு இலைகள் அப்படியே தொங்கும். அந்தக் கிளை கோடையிலேயே, இலையோடு ஒடிந்தது. இலையை உதிர்ப்பது கிளை உயிரோடு செய்கிற வேலை. காம்படியில் ஒரு பிரிவுப் படலத்தை வளர்த்துக் கழற்றிவிடும். செத்த கிளைக்கு அது முடியாது. ஆகவே அது இந்த வருடத்துச் சாவு, இன்னும் காய்ந்திருக்காது. இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு வாருங்கள். ஓக், பீச் மரங்களின் இளங்கிளைகள் உயிரோடிருக்கும்போதே காய்ந்த இலையை விடாமல் பிடித்திருக்கும், அதில் ஏமாற வேண்டாம்.

கிளை கைக்கு வந்ததும் பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். நுனியை ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. வெட்டுமுகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் ஈரம். பிறகு மரத்தில் நகத்தை அழுத்தினால் லேசாகத் தடம் விழ வேண்டும். பொடிந்தால் உளுத்தது, தடமே விழாவிட்டால் உங்களுக்கு இப்போதைக்கு ஆகாத கடினம். கை நீளத்துக்கு ஒரு துண்டு போதும், அதற்கு மேல் வெட்டாதீர்கள். செத்த மரத்தில் குடியிருக்கும் பறவைகளும் வண்டுகளும் ஏராளம். தலைக்கு மேல் தொங்குவதை இழுக்கும் முன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதிமனித ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த மனிதர், 5000 ஆண்டுகளுக்கு முந்தையவர், பிர்ச் பட்டையில் செய்த ஒரு பெட்டி வைத்திருந்தார். அதில் மேப்பிள் இலைகளில் பொதிந்த கரித்துண்டுகள். ஒரு தீயிலிருந்து அடுத்த தீக்குக் கங்கைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். கங்கைப் பிடித்து வைக்கும் மரப்பூஞ்சையும் அவரிடம் இருந்தது. இருக்கிற நெருப்பை அணையவிட்டு, தினமும் புதிதாக வில்லை இழுத்து யாரிடம் எதை நிரூபிக்க வேண்டும்? ஆதிமனிதர்கள் உங்களைவிடச் சோம்பேறிகள். அதனால்தான் பிழைத்தார்கள்.

எந்த மரம் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? வில்லோ, பாப்லர், லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன் என்றும் சொல்லும் மரம்), இவற்றில் அருகில் எது இருக்கிறதோ அது. கோலும் கட்டையும் ஒரே கிளையிலிருந்தே எடுக்கலாம். பைனில் பிசின் அதிகம், கோல்முனை பளபளவென்று மெழுகிப்போய்க் கிறீச்சிடும், உராய்வு நின்றுவிடும். அதை விடுங்கள். கோல் கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். மேல்முனையைக் கூராக்கிச் சோப்புத் தடவுங்கள், கீழ்முனை மொண்ணையாக இருக்கட்டும். காடி வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ குழியின் நடுவைத் தொட வேண்டும். மெதுவாகத் தொடங்கிக் காடியைத் தூளால் நிரப்புங்கள், நிறைந்த பிறகுதான் வேகம். கோலை எடுத்த பின்னும் தூள் தானாகவே புகைந்துகொண்டிருந்தால் கங்கு பிறந்துவிட்டது. உடனே பாய்ந்து ஊதாதீர்கள். சில நிமிடம் தாங்கும், கையால் விசிறி அது கெட்டிப்படக் காத்திருங்கள்.

எவ்வளவு நாளில் கைவரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை எழுதும்போது படம் அனுப்புவதானால் தூளை வெள்ளைத் தாளில் கொட்டி அனுப்புங்கள். புகையும் வில்லுமாக நீங்கள் நிற்கும் படத்தை மனைவிக்கு அனுப்பிக்கொள்ளலாம்.