டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரெக்கார்டு பிளேயருக்குப் பழைய ஷூர் வி15 டைப் 3 கார்ட்ரிட்ஜ் வாங்கலாமா?

ஊசியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். அதை வாங்கலாம். ஆனால் கூடவே வரும் ஊசிக்காகக் காசைக் கொட்டாதீர்கள். "பெட்டி பிரிக்காத ஒரிஜினல் ஊசியும் இருக்கிறது, அதனால்தான் இந்த விலை" என்று விற்பவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய காரணமே அதுதான்.

இந்த வகை மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும்) கார்ட்ரிட்ஜின் உடலுக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருளும் இரும்புத் துண்டுகளும். நாற்பது ஐம்பது வருஷம் போனாலும் பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வயசாவது முன்னால் கழற்றி மாட்டுகிற ஊசிப் பகுதிக்குத்தான். வைர முனை, அதைச் சுமக்கும் கான்டிலீவர் என்ற மெல்லிய தண்டு, தண்டின் மறுமுனையில் ஒரு பொடிக் காந்தம், இவ்வளவையும் தாங்கிப் பிடிக்கும் ஒரு குட்டி ரப்பர். வைரம் ரெக்கார்டில் ஓடினால்தான் தேயும். ரப்பர் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலே கெட்டுப்போகும். டைப் 3 வெளிவந்தது 1973-ல். அந்த வருஷத்து அம்பாசடரை ஆசைப்பட்டு வாங்கலாம், அதோடு வந்த டயரில் யாரும் ஓட்ட மாட்டார்கள்.

ரப்பர் போயிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஊசி எடையை (ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடை) ஒரு கிராமுக்கு வைத்து, ஓடாமல் நிற்கும் பழைய ரெக்கார்டு ஒன்றின்மேல் இறக்குங்கள். தட்டின் மட்டத்துக்குக் குனிந்து, எதிர்ப்பக்கம் டார்ச் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். ரப்பர் தளர்ந்திருந்தால் கான்டிலீவர் மேலே ஒடுங்கி, கார்ட்ரிட்ஜின் அடிவயிறு தட்டை உரசுகிற மாதிரி இறங்கிவிடும். இறுகியிருந்தால் தண்டு கொஞ்சமும் வளையாமல் விறைத்து நிற்கும்; அப்படிப்பட்ட ஊசியில் பாட்டு கேட்டால் "ச", "ஸ" வருகிற இடமெல்லாம் கரகரக்கும். இரண்டில் மோசமானது இறுகியதுதான். நல்ல ரெக்கார்டின் பள்ளத்தையே அது சுரண்டிவிடும்.

வி15 டைப் 3-க்கு ஜப்பானின் ஜிகோ புது ஊசி செய்கிறது. ஷூர் 2018-ல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்ட பிறகு நமக்கெல்லாம் அதுதான் பெரிய துணை. புது ஊசியின் விலை பல நேரம் உடலின் விலையைத் தாண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இனி உங்கள் டோன்ஆர்ம், அதாவது கார்ட்ரிட்ஜைச் சுமக்கும் கை. இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. டெக்னிக்ஸ் ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஆர்ம் அசையும்போது ஊசி உணரும் எடை) ஹெட்ஷெல்லோடு, அதாவது கார்ட்ரிட்ஜை மாட்டும் முனைப் பகுதியோடு, 12 கிராம். கார்ட்ரிட்ஜும் திருகுகளும் ஏறக்குறைய 7. ஆக 19. வி15 டைப் 3-ன் ஒரிஜினல் ஊசி ரொம்ப மிருதுவானது, கம்ப்ளையன்ஸ் (ஊசி வளைந்துகொடுக்கும் அளவு) 30-க்குப் பக்கத்தில். 19-ஐயும் 30-ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுத்தால் ஆர்ம் தானாக ஆடுகிற அதிர்வெண் கிடைக்கும். இங்கே 7 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே. இருக்க வேண்டியது 8 முதல் 12. அதற்குக் கீழே போனால், கொஞ்சம் நெளிந்த ரெக்கார்டு போட்டதும் ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் பம்ப் அடிக்கும். அதே கார்ட்ரிட்ஜை 6.5 கிராம் மட்டுமே உள்ள எஸ்எம்இ 3009 இம்ப்ரூவ்ட் ஆர்மில் மாட்டினால் 8-ஐத் தொட்டுவிடும். உங்களிடம் இருப்பது டெக்னிக்ஸ், அதனால் எடை குறைந்த ஹெட்ஷெல் போடுங்கள். இல்லையென்றால் 1978-ல் வந்த டைப் 4-ஐத் தேடுங்கள். அதன் முன்னால் இருக்கும் சின்ன பிரஷ் இந்த ஆட்டத்தை அடக்கும். பிரஷ் இறங்கியிருக்கும்போது ஊசி எடையில் அரை கிராம் கூட்டி வைக்க வேண்டும்.

நான் அதே டெக்னிக்ஸில் வைத்திருப்பது ஷூர் எம்75. பேர் பெற்றதல்ல, விலையும் குறைவு. ஒரே உடலில் 0.75 முதல் 1.5 கிராமில் ஓடும் மிருதுவான ஊசியும் மாட்டலாம், 1.5 முதல் 3 கிராம் கேட்கும் கடினமான ஊசியும் மாட்டலாம். இந்த ஆர்முக்கு இரண்டாவதுதான் பொருத்தம். கனமான செராமிக் கார்ட்ரிட்ஜில் தேய்ந்துபோன பழைய தமிழ்ப் பட இபி ரெக்கார்டுகளைக்கூட அது தாவாமல் ஓட்டுகிறது. வி15-ன் நுணுக்கம் இதில் வராது, உண்மைதான். வீணையின் மீட்டு ஒலி வி15-ல் அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.

வி15-ஐயே எடுப்பதாக இருந்தால் இன்னொன்று. அது இணைக்கும் கேபிளிலும் ஆம்பிளிஃபயரிலும் சேர்ந்து 400 முதல் 500 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸை (மின்தேக்குத் திறன்) எதிர்பார்த்துச் செய்தது. இன்றைய ஃபோனோ ஸ்டேஜும் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) கேபிளும் சேர்ந்தாலும் பெரும்பாலும் அதில் பாதிதான் வரும். "மேல் சுரங்கள் சரியில்லையே" என்று ஊசியைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சரிபாருங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டுபோங்கள். கார்ட்ரிட்ஜின் பின்பக்கத்து வெள்ளைப் பின்னுக்கும் நீலப் பின்னுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். பிறகு சிவப்புக்கும் பச்சைக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் சுருள் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் எதுவுமே காட்டவில்லை என்றால் அந்தச் சேனல் செத்துவிட்டது, எந்தப் புது ஊசியாலும் அதை எழுப்ப முடியாது. வாங்கி மாட்டும்போது, ஹெட்ஷெல்லின் பின்பக்க ரப்பர் வாஷரிலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் வர வேண்டும். டெக்னிக்ஸ் வைத்த அளவு அது.