மதியம் ஆனாலே உடம்பு அசந்துபோகிறது, என்ன சாப்பிடலாம்?

காலையில் ரெண்டு இட்லி, பதினோரு மணிக்கு டீ பிஸ்கட், மதியம் தட்டு நிறையச் சோறு என்று எழுதியிருக்கிறீர்கள், சோர்வு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சோற்றைக் கொஞ்சம் குறைத்து பருப்பு, சுண்டல், முட்டை என்று கூட்டுங்கள். பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கடலை உருண்டை.

அப்புறம் இரும்புச்சத்து. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது, அதனால் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். பொரியலை அடுப்பிலிருந்து இறக்கியதும் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கிளறுங்கள், அந்த வைட்டமின் சி இரும்பை நன்றாக உறிஞ்சவைக்கும், எங்கள் வீட்டில் தினமும் இப்படித்தான்.

இதையெல்லாம் செய்தும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, அதற்குக் கீரை மட்டும் போதாது, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.