வாசகர் கேள்வி – பதில்: புரோசசரின் மேல் அமர்ந்திருக்கும் உலோகம்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினியின் விசிறி மார்கழியில் சத்தமின்றி ஓடுகிறது, கச்சான் காற்று தொடங்கியதும் நண்பகலில் அதன் இரைச்சல் தாங்க முடியவில்லை. புரோசசரின் வெப்பத்தை வாங்கிக் காற்றுக்கு விடும் உலோகத் தகட்டுத் தொகுதியான ஹீட்சிங்கை முழுவதும் செம்பாலானதாக மாற்றினால் சரியாகும் என்கிறார் கணினி திருத்துபவர். அந்தச் செலவு தேவைதானா?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: தேவையில்லை என்றே நினைக்கிறேன். விசிறி பூட்டிய எந்த ஹீட்சிங்கும் புரோசசரை அறைக் காற்றைவிடக் குளிர்விக்காது. அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை பாகையில் புரோசசர் நிற்கும் என்பதையே அது தீர்மானிக்கிறது. ஒவ்வோர் உவாற்று வெப்பத்துக்கும் 0.4 பாகை உயரவிடும் ஹீட்சிங்கின் கீழ் 65 உவாற்று வெப்பம் வெளிவிடும் புரோசசர் இருந்தால், வித்தியாசம் 26 பாகை. அறை 27 பாகை செல்சியஸாக இருக்கும் மார்கழியில் அது 53இல் நிற்கும். 34 பாகை நண்பகலில் 60ஐத் தொடும். அந்த ஏற்றத்தைக் கண்டு மதர்போர்ட் விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறது. ஆகவே ஓரளவு இரைச்சல் பழுதன்று.

செம்பு அலுமினியத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பாரமோ மூன்று மடங்குக்கும் மேல், அதுவும் செங்குத்தாக நிற்கும் மதர்போர்டில் தொங்க வேண்டிய பாரம். நகத்தளவு சிலிக்கனிலிருந்து வரும் வெப்பம் அகன்று பரவும் அடிப்பகுதியில்தான் செம்புக்கு உண்மையான வேலை இருக்கிறது. மெல்லிய தகடுகளை அடைந்த பின்னர் தடையாக இருப்பது உலோகமன்று, தகட்டிலிருந்து காற்றுக்கு வெப்பம் கைமாறும் இடமே. இதனால்தான் பல தயாரிப்பாளர்கள் அலுமினியத்தின் நடுவில் செம்பு வட்டை மட்டும் பதிக்கிறார்கள். அல்லது சிறிதளவு நீரைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்து மூடிய செம்புக் குழாய்களைப் பதித்து, சூடான முனையில் ஆவியான நீர் தகடுகளிடையே ஒடுங்கி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே மயிர்த்துளை ஈர்ப்பால் திரும்பிவரும்படி அமைக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, விசிறியைக் கழற்றி அதன் கீழே பார்ப்பது. இதழ்களின் முன்விளிம்பில் சாம்பல் நிறக் கோடும், தகடுகளின் வாயில் பஞ்சுப் படலமும் இருக்கக்கூடும். தகடுகளை நெருக்கினால் பரப்பு கூடும், ஆனால் காற்று நுழையச் சிரமப்படும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டே வடிவமைத்திருப்பார்கள், தூசு அந்தக் கணக்கையே குலைத்துவிடுகிறது. தூரிகையால் துடைக்கும்போது இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றை ஊதி விசிறியை வெறுமனே சுழலவிடுவது அதன் பேரிங்குக்கு ஆகாது.

கேள்வி: உயர்தர மாணவன் நான். செயற்றிட்டத்துக்காக அலுமினியத் தகடுகளை வெட்டி, அடித்தட்டில் பசையால் ஒட்டி ஹீட்சிங்க் செய்யலாமா?
– மாணவர் ஒருவர், கிண்ணியா

பதில்: பசையைத் தவிர்த்துவிடுங்கள். அலுமினியத்தின் வெப்பக் கடத்தாறு ஒரு மீற்றருக்கு ஒரு கெல்வினுக்கு 200 உவாற்றுக்கு மேல். சாதாரணப் பசைக்கு ஒன்றைக்கூட எட்டாது. தொழிற்சாலைகளில் சூடாக்கிய அலுமினியத்தை அச்சினூடே அழுத்தித் தள்ளி, அடியும் தகடுகளும் ஒரே துண்டாக வரச் செய்வது இதற்காகவே. உங்களுக்கு எளிய வழி, பழுதான ஆம்பிளிஃபையரின் ஹீட்சிங்கை அறுத்தெடுப்பது. அதன் அடிமுகத்தைக் கண்ணாடித் தகட்டில் விரித்த ஈர எமரித் தாளில் தேயுங்கள். நேர்கோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது இடையில் ஒளி கசியக்கூடாது. எஞ்சும் நுண்பள்ளங்களில் காற்று தங்கும், காற்றின் கடத்தாறோ வெறும் 0.026, அதை நிரப்பவே தேர்மல் பேஸ்ட், எனவே மெல்லிய படையே போதும். விசிறியைப் பூட்டும்போது அதன் மையக் குமிழின் நேர்கீழே காற்று வீசாது என்பதையும், வெப்பம் அதிகமுள்ள இடம் பெரும்பாலும் அதுவே என்பதையும் மறக்க வேண்டாம். தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையே சிறிது இடைவெளி விடுவது இதற்கு உதவும்.

கேள்வி: ஹீட்சிங்கின் தகடுகளில் வெள்ளை மாவு பூத்திருக்கிறது. ஏன்?
– வாசகி ஒருவர், மூதூர்

பதில்: கடற்காற்றின் உப்பு அலுமினியத்தை அரித்ததன் விளைவு. செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில், உப்பு ஈரம் பட்டால், அரிப்பு அலுமினியத்தின் பக்கமே விரைவாக நடக்கும். நிக்கல் பூசிய செம்பில் இது குறைவு. கணினியைக் கடல் பார்த்த யன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். மாவை உலர்ந்த தூரிகையால் நீக்கினால் போதும். தகடுகள் உதிரத் தொடங்காதவரை மாற்ற வேண்டியதில்லை.