வாசகர் கேள்வி: மனத்தில் நின்ற ராக் ஆல்பம்

கேள்வி: கர்நாடக இசை பற்றியும் திரையிசை பற்றியும் எழுதி வருகிறீர்கள். உங்கள் மனத்தில் நீங்காமல் நின்ற மேற்கத்திய ராக் ஆல்பம் ஏதேனும் உண்டா? ராக் என்றாலே வெறும் இரைச்சல் என்கிறார் என் அப்பா.
– கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்.

பதில்: உண்டு. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 1973 மார்ச்சில் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. எண்பதுகளில் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன், பெங்களூரிலிருந்து வாங்கி வந்த கேசட்டுகளில் ஒன்றாகத்தான் அது தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஓசைகளை அவ்வளவு அக்கறையோடு கையாண்ட இன்னொரு ராக் ஆல்பத்தை நான் கேட்டதில்லை. ‘மணி’ பாடலின் தொடக்கத்தில் நாணயம் சிதறுவதும் காகிதம் கிழிவதும் கல்லாப்பெட்டி திறப்பதும் மாறி மாறிக் கேட்கும். அவற்றைத் தனித்தனியே பதிவுசெய்து, ஒலிநாடாவை அளந்து வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்டிருக்கிறார்கள். பாட்டும் ஏழு எண்ணிக்கையில்தான் நடக்கிறது. மிஸ்ர சாபுவுக்குத் தொடை தட்டிப் பழகியவர்களுக்கு அந்த நடை அந்நியமாகத் தோன்றாது. கித்தார் தனித்து எழும் இடத்தில் நாலுக்கு மாறி, பிறகு ஏழுக்கே திரும்பும் அழகை உங்கள் அப்பாவையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் என்னை ஆட்கொண்டது கேசட்டின் முதல் பக்கத்தில் கடைசியாக வரும் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. 1973 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்கு அழைக்கப்பட்ட கிளேர் டோரி என்ற பாடகியிடம் பாடல் வரி என்று எதுவும் தரப்படவில்லை. குழுவின் ரிச்சர்ட் ரைட் வாசித்த பியானோ இசைக்கு மேல், மரணத்தைப் பற்றி, ஒரு சொல்கூட இல்லாமல் அவர் பாடினார். ஓங்கி அரற்றும் அந்தக் குரல் போகப்போகத் தணிந்து முனகலாகத் தேய்கிறது. மகாபாரதக் கூத்தில் அபிமன்யுவை இழந்த சுபத்திரையின் புலம்பலைக் கண்விழித்துக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த அழுகை விளங்க ஆங்கிலம் தேவைப்படவில்லை. கிளேர் டோரி வழக்குத் தொடுத்து, 2005-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே, இசையமைத்தவர் வரிசையில் அவர் பெயரும் சேர்ந்தது. முதல் பதிப்பிலேயே கிடைத்திருக்க வேண்டிய இடம் அது.

பாடல்களை முன்பின் மாற்றாமல், ஏறத்தாழ 43 நிமிடங்களையும் ஒரே அமர்வில் கேளுங்கள்; ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தில் கரையும்படி இழைத்திருக்கிறார்கள். ஹெட்போன் இருந்தால் நல்லது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்த கடிகாரங்கள் ‘டைம்’ பாடலின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அலறும். அங்கே மட்டும் ஒலியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.