கேள்வி–பதில்: 'அனுமதி இன்னும் வரவில்லை'

கேள்வி: அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசாங்கத்தையே எதிர்த்துப் பேசும் விஞ்ஞானிகளுக்குக் கைதட்டுகிறீர்களே, எந்த அலுவலகத்திலும் இது ஒழுங்கீனம்தானே?

பதில்: இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் (பரவாயில்லை, பல அமைச்சர்களும் அப்படித்தான்). 'இங்கே அணை கட்டக் கூடாது' என்பது கருத்து. அரசு ஊழியர் அதை மேடையேறிச் சொல்லலாமா கூடாதா என்று தாராளமாகச் சண்டை போடலாம். 'இந்த நிலம் இத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது' என்பது அளவு. 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமத்தில் வீடுகள் விரிசல் விட்டுக்கொண்டிருந்தபோது, இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு கணக்குச் சொன்னது: 12 நாளில் 5.4 சென்டிமீட்டர். குழப்பம் உண்டாகிறது என்று சொல்லி, ஊடகங்களிடம் பேசாதீர்கள், சமூக ஊடகத்தில் போடாதீர்கள் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆய்வு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்த அறிக்கையும் இணையதளத்திலிருந்து காணாமல் போனது. சுவரில் விரிசலைப் பார்த்தபடி படுத்திருப்பவருக்கு அந்த எண் தெரிந்தால் குழப்பமா, தெரியாவிட்டால் குழப்பமா? சம்பளம் கொடுப்பவர் வரி கட்டுகிறவர். அவர் கொடுப்பதே அளந்து சொல்லத்தான்.

கேள்வி: தணிக்கை என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்? ஆய்வைக் கிழித்துப் போட்டுவிடுவார்களா?

பதில்: அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். 'கூடாது' என்ற சொல்லே பெரும்பாலும் வராது, 'அனுமதி கேட்டிருக்கிறோம், இருங்கள்' என்பதுதான் வரும். ஸ்டீபன் ஹார்ப்பர் பிரதமராக இருந்த காலத்துக் கனடா (2006 முதல் 2015 வரை) இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. ஸ்காட் டாலிமோர் என்ற அரசு புவியியலாளர், 13,000 ஆண்டுகளுக்கு முன் வடக்குக் கனடாவில் வந்த ஒரு பெருவெள்ளத்தைப் பற்றிய ஆய்வில் பங்கெடுத்தார், 2010இல் 'நேச்சர்' இதழில் அது வந்தது. பனியுகத்து வெள்ளம்! அதில் எந்தக் கட்சிக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் நிருபர்களிடம் பேச அமைச்சர் அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும் என்றார்கள், அது வருவதற்குள் செய்தி அச்சேறிவிட்டது.

இன்னொன்று கேளுங்கள். ஆற்றுப் பாறைகளில் சளி மாதிரி படரும் ஒரு பாசி உண்டு, ஆங்கிலத்தில் அதை 'பாறைச் சளி' என்றே கேலியாகச் சொல்வார்கள். 2014இல் ஒரு செய்தி நிறுவனம் அந்தப் பாசியை ஆராயும் அரசு விஞ்ஞானி மேக்ஸ் பாத்வெல்லிடம் நான்கு வார்த்தை கேட்க விரும்பியது. அந்த ஒரு வேண்டுகோளுக்காக அரசின் மக்கள் தொடர்புக்காரர்கள் 16 பேர் தங்களுக்குள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டார்கள், அச்சடித்தால் 110 பக்கம். அவர் என்ன சொல்லலாம் என்பதற்கு ஒரு வசனத்தாளே தயாரானது, பேட்டிதான் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. பிறகு தகவல் கேட்டு வாங்கியபோதுதான் இந்தக் கட்டு வெளியே வந்தது. அதிலே யாரும் 'மறைத்துவிடுவோம்' என்று எழுதவில்லை, எல்லோரும் தன் மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே.

அப்புறம் பேனா வழி ஒன்று இருக்கிறது. ஜார்ஜ் புஷ் காலத்தில் வெள்ளை மாளிகையில் இருந்த பிலிப் கூனி, அதற்கு முன் பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கத்தில் வேலை பார்த்தவர். விஞ்ஞானிகள் எழுதிய பருவநிலை அறிக்கைகளின் வரைவில் இங்கொரு சொல்லை அடித்து அங்கொரு சொல்லைச் சேர்த்து, உறுதியாக இருந்ததையெல்லாம் சந்தேகமாக்கிக்கொண்டிருந்தார். 2005 ஜூனில் விஷயம் பத்திரிகையில் வந்ததும் ராஜினாமா செய்தார், சில நாளிலேயே எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. இந்த வழியில் எதுவும் கிழிபடுவதில்லை, வாசிக்கிறவர்தான் 'ஓ, இன்னும் முடிவாகவில்லை போல' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

கேள்வி: சில ஆய்வுகளை மறைத்துத்தானே ஆக வேண்டும்? கிருமி ஆய்வெல்லாம்?

பதில்: சரிதான். 2011 கடைசியில் பறவைக் காய்ச்சல் கிருமி குறித்த இரண்டு ஆய்வுகளில் சில விவரங்களை நீக்கச் சொல்லி அமெரிக்க ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது, பெரிய வாக்குவாதம் நடந்தது, 2012இல் குழுவே மனம் மாறி இரண்டும் வெளியாயின. காரணத்தைச் சொன்னார்கள், எதிர்த்துப் பேச இடம் இருந்தது. நான் கேட்பது அந்த இரண்டைத்தான்.

கேள்வி: கடிதம் எழுதி, ஊர்வலம் போய் என்ன ஆகிவிடப்போகிறது?

பதில்: சில சமயம் வேலை போகும். 2025 ஜூன் இறுதியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஊழியர்கள் தங்கள் நிர்வாகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள், பெயர் போட்டுக் கையெழுத்திட்டவர்களில் சுமார் 140 பேரை ஒரே வாரத்துக்குள் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். ஸ்டாலின் காலத்தில் இன்னும் மோசம்: உலகம் முழுக்க விதை சேகரித்த தாவரவியலாளர் வாவிலோவ் 1943இல் சிறையிலேயே செத்தார். மரபியலே பொய் என்று சொல்லி, ஸ்டாலின் ஆதரவோடு அந்நாட்டு உயிரியலை ஆட்டிவைத்த லைசென்கோவை எதிர்த்துச் சோவியத் விஞ்ஞானிகள் சுமார் 300 பேர் 1955இல் கடிதம் கொடுத்தார்கள், ஆனாலும் அவருடைய செல்வாக்கு முழுதாகச் சரிய இன்னும் பத்து வருடம் பிடித்தது.

ஆனால் கனடாவில் வேறு மாதிரி நடந்தது. 2012 ஜூலை 10 அன்று ஆய்வகக் கோட்டு போட்டுக்கொண்டு விஞ்ஞானிகள் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்குச் சவப்பெட்டி தூக்கிப் போனார்கள், 'ஆதாரம் இறந்துவிட்டது' என்று. ஆய்வறிக்கையில் ஆச்சரியக்குறி போடவே கூச்சப்படுகிறவர்கள் தெருவில் ஒப்பாரி வைத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. அடுத்த ஆண்டு அவர்களின் தொழிற்சங்கம் கருத்துக்கணிப்பு எடுத்தது: பதில் சொன்ன அரசு விஞ்ஞானிகளில் 90 சதவீதம் பேர் ஊடகங்களிடம் சுதந்திரமாகப் பேச முடியவில்லை என்றார்கள். 24 சதவீதம் பேரிடம் அறிவியல் சாராத காரணத்துக்காகத் தகவலை நீக்கவோ மாற்றவோ சொல்லியிருக்கிறார்கள். 2015 நவம்பரில் வந்த புது அரசு வாய்ப்பூட்டை அவிழ்த்தது. அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஆய்வைப் பற்றிப் பேசும் உரிமையைச் சம்பள ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாகச் சேர்க்கச் சொல்லி மல்லுக்கட்டி, 2016 டிசம்பரில் உடன்பாடு எட்டினார்கள். பிரதமர் நல்லவராக இருக்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும் என்ற அந்த யோசனை யாருடையதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

கேள்வி: நான் இளநிலை ஆய்வாளர். 'அந்த அட்டவணை மட்டும் வேண்டாமே' என்று மேலே இருப்பவர் போனில் சொன்னார். என்ன செய்ய?

பதில்: போனை வைத்ததும் அவருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'ஐயா, இன்று நீங்கள் சொன்னபடி நான்காம் அட்டவணையை நீக்கவா? காரணத்தைக் குறிப்பிட்டால் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.' பல அட்டவணைகள் அந்த ஒரு வரியில் பிழைத்துவிடும். பதில் வந்தால் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வில் கூட இருந்தவர்களிடம் உடனே சொல்லுங்கள், பணி விதிகளை ஒருமுறை படியுங்கள். பத்திரிகைக்கு ஓடுவதை அப்புறம் பார்க்கலாம்.