முன்பக்கம் ‘டொக் டொக்’: பழைய கார் சஸ்பென்ஷன் கேள்வி பதில்

“முன்னாடி சத்தம் வருது, என்ன மாத்தணும்?” என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. என்ன கார், எந்த வருடம், எவ்வளவு ஓடியிருக்கிறது, சத்தம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் பாதி வேலையை முடிக்கும்.

கேள்வி: 2008 ஸ்விஃப்ட் டீசல், 1,30,000 கி.மீ. உடைஞ்ச தார் ரோட்டுல 20–30 வேகத்துல போனா இடது பக்கம் கட கடன்னு சத்தம். வேகத்தடையில ஏறி இறங்குனா சத்தமே இல்ல. ரெண்டு ஷாக் அப்சார்பரும் மாத்தணும்னு சொல்றாங்க.

ஷாக் வாங்க அவசரப்படாதீர்கள். வேகத்தடையில் சத்தம் இல்லை என்பதுதான் இங்கே துப்பு. வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறுகின்றன, அதனால் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) முறுக்கப்படுவதில்லை. உடைந்த ரோட்டில் ஒரு சக்கரம் மேலே, இன்னொன்று கீழே. பார் மாறி மாறி முறுக்கப்படும், அதை ஸ்ட்ரட்டோடு (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) இணைக்கும் லிங்க் ராடின் தேய்ந்த முனை தட்டும். முதல் சந்தேகம் லிங்க் ராடு, இரண்டாவது பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் (உலோகம் உலோகத்தில் தட்டாமல் நடுவே இருக்கும் ரப்பர் வளையம்).

பார்க்கும் முறை: காரைத் தரையிலேயே நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்க் ராடை உலுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்ப்பது வீண். பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இறுக்கிப் பிடித்துவிடும், ஆட்டம் இருந்தாலும் தெரியாது. “ஆட்டிப் பாத்தேன் சார், நல்லாத்தான் இருக்கு” என்ற பதில் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

கையில் தெரியவில்லை என்றால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு அதே ரோட்டில் மெதுவாக ஓட்டுங்கள். பாரின் முனை ஆக்சிலில் உரசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வளைவில் வண்டி அதிகம் சாயும், 30-ஐத் தாண்ட வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் இரண்டு லிங்க் ராடையும் ஜோடியாக மாற்றுங்கள். நட்டை முறுக்கும்போது உள்ளே இருக்கும் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். அதை ஆலன் கீ அல்லது ஸ்பானரால் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். ஏர் கன் வைத்து அடித்தால் புது ஜாயிண்ட் மாட்டும்போதே கெடும்.

அதே ஸ்விஃப்ட்காரர்: ரெண்டு லிங்க் ராடையும் கழட்டியாச்சு. சத்தம் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா போகல.

குறைந்திருக்கிறது என்றால் லிங்க் ராடு ஒரு குற்றவாளி, கூட்டாளி ஒருவர் இருக்கிறார். அதே இடத்தில், பிரேக் பெடலை வேகம் குறையாத அளவுக்கு லேசாகத் தொட்டுக்கொண்டே ஓட்டுங்கள். சத்தம் நின்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்). ஸ்லைடு பின் தேய்ந்தோ, பேடைப் பிடிக்கும் கிளிப் விட்டுப்போயோ காலிப்பர் ஆடுகிறது. பின்னைக் கழற்றி, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, புது கிளிப் போடுங்கள். சாதா கிரீஸ் கூடாது, பின்னின் ரப்பர் உப்பிச் சிக்கிக்கொள்ளும்.

பிரேக்கைத் தொட்டும் நிற்கவில்லை என்றால் ஸ்ட்ரட்டுக்குப் போகலாம். ஸ்ட்ரட் உடம்பில் ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தால் ஷாக் போய்விட்டது. அப்போது மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடிக்கும் பாகம்), பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கினால் தாங்கும் ரப்பர்), தூசி உறை மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். மறுபடி அதே கூலியைக் கொடுத்துப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: 2002 மாருதி 800. பிரேக் அடிச்சா முன்னாடி ஒரே ஒரு ‘டொக்’. ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டாலும் இன்னொரு ‘டொக்’. நானும் ஸ்டெபிலைசர் பாரைக் கழட்டிப் பார்க்கட்டுமா?

கூடவே கூடாது. உங்கள் வண்டியில் தனி லிங்க் ராடு கிடையாது. பாரின் முனையே லோயர் ஆர்முக்குள் (சக்கரத்தை அடியில் பாடியோடு இணைக்கும் கை) புகுந்து, இரண்டு பக்கமும் புஷ், வாஷர், நட்டு என்று நிற்கிறது. சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதே அந்தப் பார்தான். அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி அந்த முனைப் புஷ் தேய்ந்ததற்கே சரியாகப் பொருந்துகிறது. முன்னால் போய்ப் பிரேக் போட்டால் ஆர்ம் ஒரு பக்கம் நகர்ந்து தட்டும், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் தட்டும். ஒருவரை உட்காரவைத்து, முதல் கியரில் அரை அடி முன்னே, ரிவர்ஸில் அரை அடி பின்னே நகர்த்திப் பிரேக் போடச் சொல்லுங்கள். நீங்கள் வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று ஆர்ம் முனையைப் பாருங்கள், நகர்வது கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கமும் முனைப் புஷ், பாடியில் பாரைப் பிடிக்கும் புஷ் எல்லாம் செட்டாக மாற்றுங்கள். குழிந்த வாஷரின் திசையைக் கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பலரும் திருப்பி மாட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: லோயர் ஆர்ம் புஷ் மாத்தி நாலு மாசந்தான் ஆச்சு, மறுபடி கிழிஞ்சிருக்கு. டூப்ளிகேட் சாமானா?

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது சக்கரம் எங்கே இருந்தது? இந்தப் புஷ்ஷில் உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், ஆர்ம் ஆடுவதெல்லாம் ரப்பர் முறுக்கித்தான். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே முழுக்க முறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். குழியில் இறங்கும்போது இன்னும் முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்?

போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, நாலு தடவை அமுக்கி விட்டு, பிட்டில் (அடியில் நின்று வேலை பார்க்கும் குழி) இருந்தபடியே முழு டார்க்கில் (கம்பெனி சொன்ன இறுக்கத்தில்) முறுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தாலும் பக்கத்தில் நின்று இதைச் செய்ய வையுங்கள்.

கேள்வி: 2006 சான்ட்ரோ. நின்ன இடத்துல ஸ்டியரிங் திருப்பினா ‘டொய்ங்’னு ஸ்பிரிங் துள்ளுற சத்தம்.

ஸ்ட்ரட் மேல் மவுண்ட்டில் உள்ள பேரிங் சிக்கியிருக்கிறது. ஸ்ட்ரட்டோடு சேர்ந்து சுற்ற வேண்டிய ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே வந்து பட்டென்று விடுகிறது. ஒருவர் ஸ்டியரிங் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங் மேல் விரலை வைத்துப் பாருங்கள், துள்ளல் கையிலேயே தெரியும். டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதை வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு அமுக்காமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் விடுபடும். கம்ப்ரஸர் இல்லையா, ஒர்க் ஷாப்பில் விடுங்கள். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட் இருந்த இடத்தைப் பெயிண்ட்டால் குறித்துவிட்டுக் கழற்ற வேண்டும். மாட்டியபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கேள்வி: வாட்டர் சர்வீஸ்ல அடியில ஆயில் அடிச்சாங்க. ‘கீச் கீச்’ ரெண்டு நாள் நின்னுச்சு, இப்ப திரும்ப வந்துருச்சு. மறுபடி அடிக்கலாமா?

வேண்டாம். ஆயிலும் டீசலும் ரப்பர் புஷ்ஷை உப்ப வைத்துப் பொத பொதவென்று ஆக்கும். கீச்சுக்குக் காரணமான புஷ்ஷைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, பானெட்டை அமுக்கிப் பாருங்கள். எதை நனைத்தால் சத்தம் நிற்கிறதோ அதுதான். ரப்பரில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் சிலிக்கான் கிரீஸ்.

கேள்வி: பழைய இண்டிகா. ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா லேசா ஆடுது. ஓட்டலாமா?

எது ஆடுகிறது என்று தெரியும்வரை ஓட்டாதீர்கள். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் லோயர் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டு). ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே நீளமான லீவர் கம்பியை விட்டு நெம்பினால் இடைவெளி தெரியும். பால் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டால் சக்கரம் அடியில் மடங்கி வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். ஓடும் வேகத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டோ பண்ணிக் கொண்டுபோங்கள்.

இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டுகள்: வெளியே டை ராடு எண்ட் அல்லது உள்ளே இருக்கும் ரேக் எண்ட். எதுவானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

கேள்வி: அம்பாசடர், முன்பக்கம் முனகுது. மேல சொன்ன ஸ்ட்ரட், மவுண்ட் எதுவும் இதுல காணோம்.

இருக்காது. அம்பாசடர் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), காயில் ஸ்பிரிங்கே கிடையாது. முதலில் கிரீஸ் கன் எடுங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒவ்வொரு நிப்பிளிலும் (கிரீஸ் ஏற்றும் முனை) பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். எடை தாங்கி நிற்கும்போது அடித்தால் அழுந்தும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. அடைத்த நிப்பிளைக் கழற்றி மாற்றுங்கள், விலை சொற்பம்.

கேள்வி: முழுக்க ஒடிச்சு ஆக்சிலரேட்டர் கொடுத்தா மட்டும் ‘டக் டக் டக்’. நேரா போனா ஒண்ணும் இல்ல.

அது சஸ்பென்ஷன் இல்லை, ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள், ரப்பர் உறை கிழிந்திருக்கும். சத்தம் வருமுன் பார்த்திருந்தால் உறையும் கிரீஸும் போதும். இப்போது ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும்.