அன்ட்ரூஸ் பிடிக்காத பந்துகள்

அன்பின் ஐயா,

பதினொரு ஆண்டுகளாக மெல்பேணில் வசிக்கிறேன். வந்த இரண்டாவது குளிர்காலத்திலேயே அவுஸ்திரேலிய உதைபந்தாட்டக் கழகமான கொலிங்வூட்டின் ரசிகனாகிவிட்டேன். 2023 செப்டம்பர் 30 ஆம் திகதி இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் லயன்ஸைத் தோற்கடித்து நாங்கள் கிண்ணத்தை வென்ற பிறகும் எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு வாதம் ஓயவில்லை. எங்கள் உயரமான முன்வரிசைக்காரர் டான் மக்ஸ்டே காயமடைந்ததால் மட்டுமே பில்லி பிராம்ப்டனுக்கு இறுதிப் போட்டியில் இடம் கிடைத்தது. இன்று பதக்கம் அவரிடம் இருக்கிறது. பருவத்தின் பெரும்பகுதி ஆடிய ஜோன் நோபிளிடம் இல்லை. நண்பர் ஒருவர் எல்லா வீரர்களின் எண்களையும் அட்டவணையாக்கி, பிராம்ப்டன் ‘இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்’ என்று நிறுவுகிறார். நானும் பல ஆட்டங்களைப் பார்த்துவிட்டேன். அவர் களத்தில் என்ன செய்கிறார் என்றே தெரியவில்லை. மார்லியன் பிக்கெட்டைப் போல வந்த வாய்ப்பில் மின்னுபவரல்லவா வீரர்? இப்படிப்பட்ட ஒருவரைக் கழகம் வைத்திருக்கலாமா? கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இதைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதி உண்டா என்பதையும் எழுதுங்கள்.

க., மெல்பேண்

அன்பின் க.,

‘அவர் களத்தில் என்ன செய்கிறார் என்றே தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் மற்ற வரிகளை எல்லாம் கடந்து அந்த ஒன்றில்தான் நான் நின்றுவிட்டேன். ஏறத்தாழ அதே சொற்களை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்; அதனால் ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததை இன்றுவரை மறக்க முடியாமல் இருக்கிறேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

தகுதியைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். யூலை மாத மழையில் நனைந்துகொண்டு நான்கு காற்பகுதிகளும் உட்கார்ந்திருப்பவருக்குத் தகுதிச் சான்றிதழ் தர வேண்டியவர் எவரும் இல்லை. நோபிளுக்கு நேர்ந்தது எனக்கும் நெஞ்சை அறுத்த விடயமே. இறுதி நாளில் அணியில் இருந்த 23 பேருக்கு மட்டுமே பதக்கம் என்ற விதி கொடியது என்று நீங்கள் வழக்காடினால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் அந்த இழப்பைப் பிராம்ப்டனின் கணக்கில் கடனாக எழுதுவது நியாயமல்ல. நோபிள் பின்வரிசையிலிருந்து பந்தைச் சுமந்துகொண்டு ஓடுபவர். பிராம்ப்டன் ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரமுள்ளவர். ஒருவரின் இடத்தில் மற்றவர் ஆடுவதே இல்லை. பிராம்ப்டன் வராதிருந்தால் மக்ஸ்டேயின் இடத்துக்கு வேறோர் உயரமானவர் வந்திருப்பாரேயன்றி நோபிள் வந்திருக்கமாட்டார். உங்கள் நண்பர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பிக்கெட்டின் கதை அழகானது. 2019 இல், 27 வயதில், தன் முதல் ஆட்டத்தையே இறுதிப் போட்டியில் ஆடினார். அதற்குமுன் அப்படி நிகழ்ந்தது 1952 இல். ஆனால் அவர் அன்று பந்தை 22 முறை கையாண்டார், ஒரு கோலும் அடித்தார், அவருடைய ரிச்மண்ட் அணி 89 புள்ளிகளால் வென்றது. எண்களிலேயே தெரிகிற ஒருவரை எடுத்துக்காட்டி, எண்களில் தெரியாத ஒருவரை அளக்க முடியாது. அவரை இந்த வாதத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

இனிப் பிராம்ப்டனின் வேலை என்ன என்பதைப் பார்ப்போம். பிரிஸ்பேன் லயன்ஸின் பின்வரிசையை ஹரிஸ் அன்ட்ரூஸ் எப்படி ஆள்கிறார் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதிரணி உயரமாக உதைத்துவிடும் பந்து எங்கே இறங்கும் என்பதை உதைப்பவரின் உடலசைவிலிருந்தே அறிந்து, தான் காக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து அடி பக்கவாட்டில் நகர்ந்து வந்து, மற்றவர்களுக்காக விழுந்த பந்தைத் தான் பிடித்துவிடுவார். அவர் ஒருமுறை பிடித்தால் எதிரணியின் தாக்குதல் முடிந்துவிடுவது மட்டுமல்ல, அந்த இடத்திலிருந்தே பிரிஸ்பேனின் தாக்குதல் தொடங்கியும் விடும். பருவத்தின் சிறந்த வீரர்களைத் தெரிந்து அறிவிக்கும் அகில அவுஸ்திரேலிய அணிக்கு அவர் ஒரு தடவைக்கு மேல் தெரிவானது இதனால்தான்.

இப்படிப்பட்டவரைத் தடுப்பதற்கு ஓர் உயரமான முன்வரிசைக்காரரை அவர் அருகில் நிறுத்த வேண்டும். அவருடைய வேலை பந்தைப் பிடிப்பதல்ல. அன்ட்ரூஸை நகரவிடாமல் செய்வது. பந்து இறங்கப்போகும் இடத்துக்கு எதிர்த்திசையில் ஓடி அவரை இழுத்துச் செல்வது, அவர் பாயும் கணத்தில் அவருடைய தோளுக்கும் பந்துக்கும் இடையில் தன் உடலை வைத்திருப்பது, பிடிக்க முடியாத பந்துக்கும் கூடவே எழும்பி அதைத் தரையில் விழச் செய்வது, இவ்வளவும் செய்த பிறகு எழுந்து அடுத்த முறைக்கு அதே இடத்துக்குத் திரும்பி ஓடுவது. விழுந்த பந்தைச் சிறிய, வேகமான வீரர்கள் எடுத்துக்கொள்வார்கள்; கைதட்டல் அவர்களுக்குக் கிடைக்கும். மக்ஸ்டே முந்தைய வாரம் முழங்காலில் காயப்பட்டபோது கொலிங்வூட் பிராம்ப்டனை எடுத்தது இந்த வேலைக்காகவே. அன்ட்ரூஸ் அன்று வழக்கம்போல் ஆட்டத்தை ஆளவில்லை. பிராம்ப்டன் பந்தைத் தொட்டதும் மிகச் சில தடவைகள்தான். உங்கள் நண்பரின் அட்டவணை அதை மட்டும் சரியாகச் சொல்கிறது.

ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மெல்பேண் கிரிக்கெட் மைதானத்தில் 1,00,024 பேர் பார்த்திருக்க, கொலிங்வூட் 12 கோல் 18 பிஹைண்ட், 90 புள்ளிகள். பிரிஸ்பேன் 13 கோல் 8 பிஹைண்ட், 86 புள்ளிகள். ஒரு கோலுக்கு ஆறு புள்ளிகள், கோல் கம்பங்களுக்குப் பக்கத்தால் போகும் பிஹைண்டுக்கு ஒன்று. கொலிங்வூட்டின் பன்னிரண்டு கோல்களில் ஒன்று குறைந்திருந்தால் 84. அதாவது, அந்தப் பன்னிரண்டில் ஏதேனும் ஒரு பந்து அன்ட்ரூஸின் கைக்குப் போயிருந்தால் உங்கள் வீட்டுச் சுவரில் இப்போது தொங்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியிராது. கொலிங்வூட்டின் பொபி ஹில் அடித்த நான்கு கோல்களையும், இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நோர்ம் ஸ்மித் பதக்கத்தையும் பிராம்ப்டனின் பெயரில் எழுதச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவை ஹில்லுக்கே உரியவை. அந்தக் கோல்கள் விழுவதற்கு இடம் இருந்தது என்பதையும், அந்த இடத்தை ஒருவர் தன் உடம்பால் திறந்து வைத்திருந்தார் என்பதையும் மட்டுமே சொல்கிறேன்.

உங்களுக்கு ஏன் இது தெரியவில்லை? நீங்கள் பந்தைப் பார்க்கிறீர்கள். நானும் அப்படித்தான், எல்லோரும் அப்படித்தான். சுமார் 160 மீற்றர் நீளமான மைதானத்தில் 36 பேர் ஒரு பந்துக்காக ஓடுகிறார்கள். இந்த விளையாட்டில் ஓப்சைட் விதி இல்லாததால் ஆட்டம் ஓடும்போது எவரும் எங்கும் நிற்கலாம். மிகச் சிறந்த நடுக்களக்காரர் ஒரு நாளில் முப்பது முறை பந்தைக் கையாண்டாலும், ஒவ்வொரு முறைக்கும் மூன்று வினாடிகள் என்று கணக்கிட்டால், அவரிடம் பந்து இருந்த நேரம் ஒன்றரை நிமிடம். மிகுதி நேரம் முழுவதும் அவரும் பந்தில்லாதவரே. ஆகவே ஒருவரைத் தொடுகைகளால் மட்டும் அளக்கிறவர் அவருடைய ஒன்றரை நிமிடத்தை அளக்கிறார். பிராம்ப்டனைப் போன்றவருக்கு அதுவும் கால் நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. தொலைக்காட்சி இதை இன்னும் மோசமாக்குகிறது. கடந்த மாதம் அந்த இறுதிப் போட்டியின் பதிவை, பிராம்ப்டனை மட்டுமே பார்ப்பது என்ற முடிவோடு மீண்டும் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான நேரம் அவர் திரையில் இல்லை. கமரா பந்தோடு போகிறது. பந்து வந்து சேர்வதற்கு முன்பே அவருடைய வேலை முடிந்துவிடுகிறது.

புள்ளிவிபரக்காரர்களுக்கும் இந்தக் குறை தெரிந்திருப்பதால், ‘ஒரு சதவீத வேலைகள்’ என்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எதிராளி பிடிக்கவிருந்த பந்தைக் குத்தி அகற்றுவது, உதையின்மேல் பாய்ந்து மறிப்பது, தோழன் ஓடுவதற்கு வழிமறித்துக் கொடுப்பது. உங்கள் நண்பர் இதைக் காட்டி, அதிலும் பிராம்ப்டன் உயரவில்லை என்று சொல்லக்கூடும். ஆனால் அங்கும் ஒரு கை செய்ததையே எண்ணுகிறார்கள். அன்ட்ரூஸ் ஓட நினைத்து, பக்கத்தில் ஒருவர் நிற்பதைப் பார்த்து, ஓடாமல் விட்டாரே, அந்தக் கணத்தை எவர் எண்ணினார்?

இப்போது அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். என் மகன் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய காலம். இங்குள்ள புறநகர்க் கழகங்களில் பெற்றோர் எவரும் சும்மா நிற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் கோல் நடுவராகக் கொடி அசைப்பார், ஒருவர் தோடம்பழம் வெட்டுவார், ஒருவர் சிற்றுண்டிச்சாலையில் நிற்பார். எனக்கு விதிகள் சரியாகத் தெரியாது, ஆனால் வேகமாக எழுதுவேன் என்பதால் கணக்கெடுக்கும் வேலையைத் தந்தார்கள். பிள்ளைகளின் பெயர்கள் நிரையாகவும், உதை, கைத்தட்டு, மார்க் (உதைத்த பந்தைப் பிடிப்பது), மடக்குதல் ஆகியவை நிரல்களாகவும் அச்சிட்ட தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, நான்கு கோடுகளின்மேல் குறுக்காக ஐந்தாவது. நான் அதை மிகுந்த ஒழுங்கோடு செய்தேன். வீட்டுக்கு வந்து இன்னொரு தாளில் அழகாகப் படியெடுத்து, கூட்டுத்தொகையின் கீழ் இரட்டைக் கோடு இட்டு, பயிற்றுநரிடம் கொடுப்பேன்.

பின்வரிசையின் கடைசியில், கோல் கம்பங்களுக்கு முன்னால், ஓர் ஒல்லியான உயரமான பையன் நின்றான். அதிகம் பேசமாட்டான். அவன் பெயருக்கு நேரே என் தாள் வாரந்தோறும் வெறுமையாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இரண்டே கோடுகள். தாளைக் கொடுக்கும்போது பயிற்றுநரிடம் சொன்னேன்: ‘இவன் அங்கே என்ன செய்கிறான் என்றே எனக்குத் தெரியவில்லை.’ எவரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

அடுத்த வாரம் அவனை வெளியே உட்காரவைத்தார்கள். எதிரணியின் முன்வரிசைப் பையன் ஏழு கோல் அடித்தான். அந்தப் பருவத்தில் அதற்குமுன் எங்களுக்கு எதிராக எந்த முன்வரிசைப் பையனும் இரண்டுக்கு மேல் அடித்ததில்லை என்பதை அன்றிரவு என் பழைய தாள்களைப் புரட்டித்தான் கண்டுகொண்டேன். அது என் கைவசமே இருந்தது, க.; ஆனால் எதிரணியின் கோல்களை நான் வேறு பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பையனின் தாய் சிற்றுண்டிச்சாலையில் நிற்பவர். அதற்கடுத்த வாரம், ஆட்டம் தொடங்குவதற்கு முன், கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, மகனுடைய கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டினேன். அந்த இரண்டு கோடுகளையும் சற்று நேரம் பார்த்தார். ‘அங்கேயே நிற்கச் சொல்லித்தானே அவனை நிறுத்தினார்கள்’ என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். நான் பதில் சொல்லாமல் தாளை மடித்தேன். பயிற்றுநர் பையனை மீண்டும் களத்தில் இறக்கினார். பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை ஆடினான். அடுத்த ஆண்டு பதிவு செய்யும் நாளில் அவன் வரவில்லை.

ஆகவே ‘இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்’ என்ற சொல்லை நீங்கள் எனக்கு எழுதியது சரியல்ல. சாக்கடையில் சேர்ந்த குப்பையைப் பற்றிச் சொல்லும் சொல் அது. பிராம்ப்டனை 2014 இல் போட் அடிலெயிட் கழகம் தெரிவு செய்தது. பிறகு அடிலெயிட், அதன் பிறகே கொலிங்வூட். மூன்று கழகங்களில், முன்வரிசையிலும் பின்வரிசையிலும், எங்கே சொன்னாலும் போய் நின்றவர். அணிப் பட்டியல் வெளிவரும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தன் பெயர் இருக்குமா என்று பார்த்தபடி, இல்லாத வாரங்களில் சில நூறு பேர் பார்க்கும் இரண்டாம் அணி ஆட்டங்களில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர். மக்ஸ்டே விழுந்த பிறகு தயாராவதற்கு அவருக்குக் கிடைத்தது எட்டு நாட்கள். அந்த எட்டு நாட்களில் ஒருவர் தயாராகிவிட முடியாது. அதற்கு முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும். அழைப்பு வராத வாரங்களிலும் தன்னைக் கூர்மையாக வைத்திருந்த மனிதரை, அவர் நாட்டுக்கு வந்து அவர் விளையாட்டை ரசிக்கக் கற்றுக்கொண்ட நாம், ஒரு மதியச் சாப்பாட்டு மேசையில் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்துவிடக் கூடாது. உங்கள்மேல் எனக்குள்ள அன்பினாலேயே இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். நீங்கள் இதை மனதார விரும்புகிறவர் என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

நீங்கள் கேட்டது, கழகம் அவரை வைத்திருக்கலாமா என்று. வைத்திருக்க வேண்டும். அன்ட்ரூஸ் அடுத்த ஆண்டும் ஆடுவார்.

உங்கள் நண்பர் அட்டவணை போடுவதை நிறுத்த வேண்டியதில்லை. அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். அந்தப் பையன் போன பிறகு நானும் இன்னும் இரண்டு பருவங்கள் கணக்கெடுத்தேன். தாளின் வலது ஓரத்தில், அச்சிட்ட நிரல்களுக்கு அப்பால், பேனாவால் கோடிழுத்து ஒரு நிரல் சேர்த்தேன். ஒவ்வொரு பின்வரிசைப் பிள்ளையும் காத்த எதிராளி பிடித்த பந்துகளையும் அடித்த கோல்களையும் அங்கே குறித்தேன். அதை நிரப்புவதற்காக ஆட்டத்தின் பாதி நேரம் பந்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. பல உதைகளைத் தவறவிட்டேன், கூட்டுத்தொகைகள் பிழைத்தன, பயிற்றுநர் முறையிட்டார். மார்ச் மாதம் பருவம் தொடங்கும்போது உங்கள் நண்பரையும் அப்படி ஒரு நிரல் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் ஆட்டத்தின் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள்.